நடுங்குவது உடலா, உள்ளமா?
நீரிழிவோடு வாழ்வோருக்கும் அவர்களோடு வாழ்வோருக்கும் ஒரு சிந்தனை

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் திருப்பலி. மறையுரை முடிந்து விசுவாசப் பிரமாணம் சொல்ல அனைவரும் எழுந்து நிற்கிறார்கள். நடுவரிசையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா முன்னால் இருக்கும் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொள்கிறார். நெற்றி முழுவதும் வியர்வை. கை நடுங்குகிறது. அருகில் இருப்பவர்கள் தாங்கிப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்து வருகிறார்கள். "மக கல்யாணத்தை நெனச்சு நெனச்சே இப்படி ஆகிடுச்சு, பாவம்" என்கிறார் ஒருவர். "டென்ஷன்தான், கொஞ்சம் காத்தாட உட்காரட்டும்" என்கிறார் இன்னொருவர். கூட்டத்தில் இருந்த செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தி மட்டும், "சுகர் மாத்திரை போட்டீங்களா? அதுக்கப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்கிறாள். மாத்திரை ஐந்தரை மணிக்கே போட்டாயிற்று. நற்கருணை வாங்க வேண்டுமே என்று வாயில் ஒன்றும் வைக்கவில்லை. உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கிறார்கள். கால்மணி நேரத்தில் அம்மா தெளிவாகிவிடுகிறார்.

கதை இத்தோடு முடிவதில்லை. அன்று முதல் அந்த அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. இரவில் நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் பொடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். மகன் போனை எடுக்கவில்லை, படபடப்பு, குளுக்கோஸ். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார், வியர்வை, குளுக்கோஸ். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கிறது. "என்ன சாப்பிட்டீங்க?" என்று மருத்துவர் கேட்கும்போது அவருக்கு அழுகைதான் வருகிறது.

நம் பங்குகள் எதிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. முதல் முறை, உடலின் ஆபத்து அறிகுறியை மனக்கவலை என்று எண்ணினார்கள். பிறகு, மனக்கவலையின் அறிகுறியை உடலின் ஆபத்து என்று எண்ணினார். இரண்டு தவறுகளும் ஆபத்தானவை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டது. நம் அன்பியங்களில் இந்த நோய் எட்டிப் பார்க்காத வீடுகள் குறைவு. ஆகவே, நீண்டகால நோயோடு வாழும்போது மன அழுத்தம் உடலில் எப்படியெல்லாம் வெளிப்படுகிறது, அதை நோயின் அறிகுறியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று சற்றுச் சிந்திப்போம்.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது?

இருட்டில் நடந்து போகிறோம். காலடியில் பாம்பு போல ஏதோ நெளிகிறது. அது கயிறா பாம்பா என்று யோசிப்பதற்கு முன்பே உடல் தயாராகிவிடுகிறது. மூளையிலிருந்து நரம்புகள் வழியாகக் கட்டளை பறக்கிறது. சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. கைகால் தசைகள் முறுக்கேறுகின்றன. வாய் உலர்கிறது, செரிமானம் மந்தமாகிறது. கல்லீரல் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடுகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தசைகளுக்கு எரிபொருள் வேண்டுமல்லவா? இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார்.

பாம்பு போய்விட்டால் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் கவலை போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டால்? அப்போது கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பும் தொடர்ந்து வேலை செய்கிறது. நீடித்த நெருக்கடி உடலையே தேய்த்துவிடும் என்று ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் 1936-இல் எழுதத் தொடங்கினார். நீண்டகால நோய் என்பது போகாத பாம்பு போன்றது. காலையில் மாத்திரை, மதியம் சோற்றின் அளவு, மாலையில் ஊசி, மாதக் கடைசியில் மருந்துச் செலவு என்று நாள் முழுவதும் அது நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

நீரிழிவு உள்ளவருக்கு என்ன வேறுபாடு?

நோயற்றவருக்குப் பதற்றத்தில் சர்க்கரை சற்று ஏறினாலும் இன்சுலின் சுரந்து அதைச் சமன் செய்துவிடும். நீரிழிவு உள்ளவருக்கு அந்தச் சமன் செய்யும் ஆற்றல் குறைவு. மேலும், அட்ரினலினும் கார்ட்டிசாலும் இன்சுலினின் வேலைக்கு எதிராக நிற்பவை. அதனால்தான் உணவில் ஒன்றும் மாற்றம் இல்லாதபோதும், வீட்டில் ஒரு துக்கமோ சண்டையோ நடந்த வாரத்தில் சர்க்கரை ஏறி நிற்பதைப் பார்க்கிறோம். இரவு இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுப் படுத்தவருக்குக் காலையில் சர்க்கரை கூடியிருப்பதும் உண்டு. விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் இயல்பாகவே உயர்வது இதற்கு ஒரு காரணம்.

இங்கே ஒரு விஷச்சுழல் உருவாகிறது. கவலையால் சர்க்கரை ஏறுகிறது. ஏறிய எண்ணைப் பார்த்துக் கவலை கூடுகிறது. கவலையால் தூக்கம் கெடுகிறது. தூங்காதவருக்கு மறுநாள் நடக்கவும் மனமில்லை, சமைக்கவும் மனமில்லை. சர்க்கரை மீண்டும் ஏறுகிறது. "வாயைக் கட்ட மாட்டேங்குறீங்க" என்று வீட்டில் திட்டு விழுகிறது. சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று எல்லாரும் நம்புவதால், நோயாளியும் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொள்கிறார்.

எங்கெல்லாம் தெரியும்?

மன அழுத்தம் உடலில் பேசும் இடங்கள் பல. தலையைச் சுற்றித் துணி கட்டி இறுக்கியது போன்ற வலி. கழுத்தும் தோள்பட்டையும் கல்லாய் இறுகுதல். தூக்கத்தில் பல்லைக் கடித்துக் காலையில் தாடை வலித்தல். நெஞ்சு படபடப்பு. வயிற்றில் புளிப்பு, உப்புசம், அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டும் என்ற உணர்வு. நள்ளிரவில் விழிப்பு வந்து விடியும்வரை தூக்கமின்மை. பெரிய அதிர்ச்சி ஒன்று நடந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி உதிர்வதும் உண்டு.

பதற்றத்தில் நாம் அறியாமலேயே வேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு ஏற்படுகிறது. தலை கிறுகிறுக்கிறது. இவை கற்பனை அல்ல. "ஒண்ணுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்வது சரியல்ல. காரணம் மனத்தில் இருந்தாலும், வலி உடலில் உண்மையாகவே இருக்கிறது.

பிரித்தறிவது எப்படி?

சிக்கல் என்னவென்றால், சர்க்கரை திடீரென்று தாழும்போதும் உடல் அதே அட்ரினலினைத்தான் சுரக்கிறது. எனவே நடுக்கம், வியர்வை, படபடப்பு இரண்டுக்கும் பொது. பசி, பார்வை மங்கல், பேச்சுக் குளறல், குழப்பம், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை சேர்ந்து வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது அரிது.

உணர்வை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்ப்பதே உறுதியான வழி. 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது என்று பொருள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இன்னும் ஏறவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். ஏறிய பின் வழக்கமான உணவைச் சாப்பிட வேண்டும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் அவசரத்திற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

கருவி கையில் இல்லையா? அப்படியானால் சர்க்கரை தாழ்ந்திருப்பதாகவே கருதி இனிப்புத் தண்ணீர் கொடுப்பதே பாதுகாப்பு. ஆனால் வாரத்தில் பல முறை இப்படி நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் ஊகத்தில் இனிப்பு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள். நீண்ட நாள் சர்க்கரை மிக அதிகமாகவே இருந்தவருக்கு, அது சரியான அளவுக்கு இறங்கும்போதும் தாழ்ந்துவிட்டது போன்ற உணர்வு வரும். உடல் பழகும்வரை சில வாரங்கள் அப்படி இருக்கலாம். இரண்டாவது, இரத்த அழுத்தத்திற்காகவோ இதயத்திற்காகவோ மெட்டோப்ரொலால், அட்டினலால் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

மனக்கவலை என்று ஒதுக்கக் கூடாதவை

நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, நடந்தால் மூச்சு வாங்குதல், காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை ஆகியவை வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு நரம்புகளைப் பாதிப்பதால், சிலருக்கு மாரடைப்பே நெஞ்சு வலி இல்லாமல் வரும். வெறும் சோர்வும் மூச்சு வாங்குதலும் மட்டுமே இருக்கும். "கேஸ் பிராப்ளம்", "டென்ஷன்" என்று சோடா குடித்துக் காத்திருந்து உயிரை இழந்தவர்கள் உண்டு.

அதுபோலவே, விரல்களில் பதற்றத்தின்போது வந்து சிறிது நேரத்தில் மறையும் மதமதப்பு வேறு. இரண்டு பாதங்களிலும் நாள் முழுவதும் இருந்து, இரவில் எரிச்சலாகக் கூடும் மதமதப்பு வேறு. பின்னது நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். நீண்ட காலம் மெட்பார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதாலும் இது வரும், சோர்வும் வரும். தொடர்ந்த படபடப்பும் உடல் மெலிதலும் தைராய்டு கோளாறாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் பரிசோதனை உண்டு, சிகிச்சையும் உண்டு. மற்றக் காரணங்களைப் பார்த்து விலக்கிய பிறகே மன அழுத்தம் என்று சொல்ல வேண்டும்.

நோன்பும் மாத்திரையும்

மேலே சொன்ன அம்மாவைப் போல் பலர் நற்கருணை நோன்பைப் பற்றிய தவறான அச்சத்தால் துன்பப்படுகிறார்கள். திருச்சபைச் சட்டப்படி நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருந்தால் போதும். தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிப்பதில்லை. அதற்கும் மேலாக, முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்திற்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்று 919-ஆம் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. எனவே மாத்திரை போட்டவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கோவிலுக்கு வருவதில் எந்தக் குற்றமும் இல்லை.

தவக்காலத்திலும் இப்படியே. உண்ணாநோன்பு கடமையான நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. 18 வயது நிறைந்தவர்கள் முதல் அறுபதாவது வயதைத் தொடங்கும்வரை உள்ளவர்களுக்கே அந்தக் கடமை. நோயாளிகளை அது கட்டுப்படுத்தாது. ஒருவேளை நோன்பிருக்க விரும்பினால், மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று மருத்துவரைக் கேட்ட பிறகே இருக்க வேண்டும். உணவை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்குவது தவம் ஆகாது.

சோர்ந்துபோவது பலவீனம் அல்ல

"எத்தனை நாளைக்குத்தான் இப்படியே இருக்கிறது?" என்று நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஒருநாள் கேட்டிருப்பார். வில்லியம் பொலான்ஸ்கி என்ற உளவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் 1995-இல் இதை ஆராய்ந்து, நீரிழிவோடு வாழ்வதால் வரும் மனச்சுமையை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். கண் போய்விடுமோ, கால் போய்விடுமோ என்ற பயம், சாப்பிடும்போதெல்லாம் குற்ற உணர்வு, யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற தனிமை ஆகியவை மனநோய் அல்ல. நோயைச் சுமப்பதன் களைப்பு. அதை வாய்விட்டுச் சொன்னாலே பாதிப் பாரம் குறையும்.

ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற எண்ணில், 2022 முதல் இயங்கும் மைய அரசின் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். உடல் தொந்தரவு செய்த நேரம், என்ன செய்தது, அப்போது சர்க்கரை எவ்வளவு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று நான்கு பத்திகளாக எழுதுங்கள். ஒரு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். காலை பதினோரு மணிக்கெல்லாம் வியர்த்தால் மாத்திரையின் அளவைக் கவனிக்க வேண்டும். ஒன்றாம் தேதி நெருங்கும்போதெல்லாம் படபடத்தால் காரணம் வீட்டு வாடகையாக இருக்கலாம். மருத்துவருக்கும் இந்த நோட்டு ஒரு நல்ல வழிகாட்டி.

இரண்டாவது, மூச்சு. நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம் போதும். நீண்ட வெளிமூச்சு இதயத்தின் வேகத்தைத் தணிக்கும். இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் குழுவினரும் 23 நலமானவர்களை இலத்தீனில் செபமாலை சொல்லவைத்து ஆராய்ந்தார்கள். அருள்நிறை மந்திரத்தை ஒருவர் சொல்ல மற்றவர் தொடரும்போது, மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாக நிதானப்பட்டு, இதயத்துடிப்பின் ஒழுங்கும் மேம்பட்டதை 2001-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். யோக மந்திரங்களிலும் இதே பயனைக் கண்டார்கள். இது நீரிழிவுக்கு மருந்து என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவசர அவசரமாக ஒப்பிக்காமல், நிறுத்தி நிதானமாகச் செபமாலை சொல்வது உடலுக்கும் ஓய்வு என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாவது, நடை. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை குறையும், இறுகிய தசைகளும் தளரும். நான்காவது, தூக்கத்திற்கு ஒரு நேரம். படுக்கையில் கிடந்துகொண்டு கைப்பேசியில் நோயைப் பற்றித் தேடிப் படிக்காதீர்கள். ஐந்தாவது, செலவுக் கவலை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். நடக்க இயலாதவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. கடன் வாங்கி மருந்து வாங்குவோர் இதைக் கேட்டறிய வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நோயாளியைப் பார்த்தவுடன் "சுகர் எவ்வளவு?" என்று கேட்கிறோம். "நேத்து தூங்கினீங்களா?" என்று கேட்பதில்லை. தட்டைப் பார்க்கிறோம், முகத்தைப் பார்ப்பதில்லை. விருந்தில் எல்லார் முன்னிலையிலும், "அவருக்கு வைக்காதீங்க, சுகர்" என்று சத்தமாகச் சொல்லி அவமானப்படுத்துகிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அன்பு அவர் உடலில் அட்ரினலினாக ஓடுகிறது. அவருக்கென்று தனிச் சமையல் செய்வதைவிட, எல்லாரும் அதே உணவைச் சாப்பிடலாம். நடக்கப் போகச் சொல்வதைவிட, கூட நடக்கலாம். இரவும் பகலும் கவனித்துக்கொள்ளும் மனைவியோ மருமகளோ தலைவலி என்று சொன்னால் அதையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பராமரிப்பவரின் உடலும் சுமையைச் சுமக்கிறது.

அந்த அம்மாவிடம் மருத்துவர் இறுதியில் திட்டவில்லை. மாத்திரையை உணவோடு சேர்த்துப் போடச் சொன்னார். படபடத்தால் முதலில் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். எழுபதுக்குமேல் இருந்தால் குளுக்கோஸ் டப்பாவைத் திறக்காமல், மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பேசச் சொன்னார். இன்று அவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் முதல் திருப்பலிக்கு வருகிறார். கைப்பையில் செபமாலையோடு ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும் இருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, வரும் ஞாயிறன்று நம் பக்கத்தில் ஒருவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றால், காரணத்தை நாமே ஊகித்துச் சொல்ல வேண்டாம். உட்கார வைத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்போம். தெளிந்த பின், "மனசுல ஏதாவது கஷ்டமா?" என்றும் கேட்போம். இரண்டு கேள்விகளும் அவருக்குத் தேவை.